பீன்ஸுக்குப் புதினா எண்ணெய்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம். நீயும் மச்சானும் சௌக்கியமா? கிராம்பு எண்ணெய் பட்டுக் கை எரிகிறது என்றாயே, குறைந்ததா?

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு கூடி வருகிறது என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. குளியல், துணி மாற்றுவது எல்லாம் நான்தான். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னார், திருப்பிவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் தோட்டம் முழுக்கத் தெரிகிறது. நான் தும்மினால்கூட ஏன் தும்மினாய் என்று கேட்கிறார்.

பீன்ஸில் மறுபடியும் அசுவினி. கொழுந்தெல்லாம் கறுப்பாக அப்பிக் கிடக்கிறது. வாங்குகிற கம்பெனி, ரசாயன மருந்து அடித்த காய் என்றால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் கடை மருந்துக்கும் வழியில்லை. நேற்று அப்பா சொல்லிவிட்டார். "இந்தப் போகமும் பூச்சி தின்னுடுச்சுன்னா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடலாம்டா. நான் உங்க அக்காகிட்ட போயிடறேன். நீ உன் வழியைப் பார்த்துக்க."

துறைமுகத்தில் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை முதலாளி இன்னும் எனக்கு இடம் வைத்திருக்கிறார். பீன்ஸ் முடிந்ததும் வந்துவிடு என்கிறார்.

ஃபோனில் பேசியிருக்கலாம். பேசினால் ஸ்பீக்கரில் போடு என்கிறார் அப்பா.

மச்சானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

பிப்ரவரி 11

டேய் கோட்டான்,

கடிதம் என்ற பெயரில் தந்தி அடித்திருக்கிறாய். இரண்டு வரி கூட எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா? நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். கை எரிச்சல் போய்விட்டது, இப்போது தும்மல் பிடித்துக்கொண்டிருக்கிறது. உன் மச்சான் வழக்கம்போல சாப்பிடுகிறார், தூங்குகிறார், நடுவில் வேலைக்கும் போகிறார்.

அசுவினிக்குப் பயந்தா நிலத்தைக் கைகழுவுவார்கள்? அக்கா ஒருத்தி எண்ணெய் வடிக்கிற ஆலையில் உட்கார்ந்திருக்கும்போது? அப்பா சொன்னதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. லாரி டிரைவர் அண்ணனிடம் ஒரு கேன் புதினா எண்ணெய், ஒரு பாட்டில் கிராம்பு எண்ணெய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நம் பக்கம் சோப்புக் கம்பெனிக்குச் சரக்கு இறக்க வருவார், வீட்டிலேயே கொடுத்துவிடுவார்.

இப்போது காதைக் கொடு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் புதினா எண்ணெய், கிராம்பு நாலே சொட்டு. எண்ணெயை நேரே தண்ணீரில் ஊற்றினால் மேலே போய் மிதக்கும், அடிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கும். முதலில் திரவ சோப்பில் கலந்து, பால் மாதிரி வெளுக்கிற வரை குலுக்கு, பிறகு தண்ணீரில் விடு. பூச்சி இலைக்கு அடியில்தான் குடித்தனம் நடத்தும், அதனால் கீழிருந்து மேலே அடி. மேலே பட்டால்தான் சாகும், படாதது நாளைக்கே குடும்பம் பெருக்கும். அதுகள் வயிற்றில் குட்டியோடேயே பிறக்கிற ஜாதி. வாரம் ஒரு தடவை விடாமல் அடிக்க வேண்டும். பொறிவண்டு உட்கார்ந்திருக்கிற செடியை விட்டுவிடு, அது நம் ஆள், அசுவினியைத் தின்னும்.

முக்கியமானது ஒன்று. வெயில் தாழ்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும். மத்தியானத்தில் அடித்தால் பூச்சிக்கு முன்னால் செடி போய்விடும்.

நிலத்தைக் காப்பாற்றுகிறோம், பார். ஃபிரிட்ஜ் கடை எங்கே ஓடிவிடப் போகிறது? மெதுவாகப் போகலாம்.

அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். சத்தம் போடாமல் இருக்கச் சொல். இரண்டாவதைச் சொல்லாதே, அதற்கும் சத்தம் போடுவார்.

உன் அக்கா

மார்ச் 2

அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன். தும்மல் போய்விட்டதா?

கேன் வந்து இரண்டு வாரம் ஆகிறது. எடுத்து உள்ளே வைத்திருந்தேன். "அது என்னடா மூலையில? உங்க அக்கா அனுப்பினதை அழகு பார்க்கவா வெச்சிருக்கே?" என்று அப்பா கேட்டார். அன்று சாயங்காலமே அடித்தேன்.

நடுவில் ஒரு விஷயம். தெளிப்பான் பம்ப் பாதியில் அடைத்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் கிராம்பு எண்ணெய் பட்டு உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் ஊறிப் பெருத்துப் போயிருந்தது. புது ரப்பர் போட்டாலும் அதே கதிதான். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரெசரில் ஒரு வெள்ளை வாஷர் வரும், எண்ணெய் எதற்கும் அசையாது. என்னிடம் ஒன்று இருந்தது. கொஞ்சம் பெரிது. அரத்தில் தேய்த்து, விளிம்பைச் சரித்து, உட்கார வைத்தேன். முதல் அழுத்திலேயே பிடித்துக்கொண்டது அக்கா! கைப்பிடியில் அந்த இழுப்பு தெரிகிறதே, காற்று கசியாமல் முழுசாக ஏறுகிற இழுப்பு, அதை உணர்ந்து எத்தனை நாளாகிவிட்டது. பிறகு முனையையும் கழற்றி, ஓட்டையை மெல்லிய கம்பியால் சுத்தம் செய்து, பனி மாதிரி விழுகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இருட்டினது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பா பெயர் சொல்லிக் கத்தின பிறகுதான் எழுந்தேன்.

பூச்சி குறைந்திருக்கிறது. அப்பாவுக்கு சந்தோஷம்.

தம்பி

மார்ச் 9

என் தங்கத் தம்பிக்கு,

இருவரும் சுகம்தானே? இங்கே சுகத்துக்கு என்ன குறைச்சல், தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருக்கிறேன். பூச்சி குறைந்தது என்று நீ எழுதின அந்த இரண்டு வார்த்தை என் வயிற்றில் பாலை வார்த்தது. ஆலையில் இருக்கிற எல்லோரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டேன். கொதிகலன் பார்க்கிற அண்ணன், "உன் தம்பியை இங்கேயும் கூப்பிடு, எங்க மேனேஜரை விரட்ட ஒரு எண்ணெய் வேணும்" என்கிறார்.

நிறுத்திவிடாதே. இன்னொரு கேன் அனுப்பியிருக்கிறேன். என் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள், அதைப் பற்றி நீ வாயைத் திறக்கக் கூடாது. நீ திறக்க மாட்டாய், அது வேறு விஷயம்.

நீ எழுதின வாஷர் கதை எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கிராம்பைக் குறைத்துக்கொள்.

எங்கள் அறையைப் பற்றிக் கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். கட்டிலில் உட்கார்ந்தபடியே அடுப்பைப் பற்றவைக்கலாம், அத்தனை வசதி. கழிப்பறை கீழே, இரும்பு ஏணிப்படி இறங்கிப் போக வேண்டும். அப்பா அந்த வீட்டிலேயே, தன் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இருப்பதுதான் அவருக்கும் நல்லது, எல்லோருக்கும் நல்லது. நீ பக்கத்தில் இருக்கிறாய் என்றுதான் எனக்கு இங்கே தூக்கம் வருகிறது.

உன் அக்கா

மார்ச் 28

அக்காவுக்கு,

நலம். மச்சானும் நலமாக இருப்பார். இரண்டாவது கேனும் வந்தது.

பூ பிடித்திருக்கிறது. கிணற்றுப் பக்கம் மட்டும் பூச்சி திரும்பியிருந்தது. அசுவினி கசியவிடுகிற தேனுக்காக எறும்புகள் அதற்குக் காவலாக ஏறிக்கொண்டிருந்தன. கொடி அடியில் சாம்பல் போட்டு எறும்பையும் தடுத்தாகிவிட்டது. அப்பா அடுத்த போகத்துக்கு விதை சொல்லி வைத்திருக்கிறார். ஜன்னலில் இருந்தபடி போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, "பாருங்க, என் பையன் கையில தோட்டம் எப்படி நிக்குது பாருங்க" என்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பம்ப் ஷெட்டுக்குள் போய் நின்றுகொண்டேன்.

ஃபிரிட்ஜ் கடை முதலாளி சொல்லியனுப்பியிருக்கிறார். அடுத்த மாதக் கடைசிக்கு மேல் காத்திருக்க முடியாதாம்.

ஒன்று கேட்க வேண்டும். எண்ணெயை மத்தியானத்தில் அடித்தால் என்ன ஆகும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

தம்பி

ஏப்ரல் 3

கோட்டானுக்கு,

சுகம். அங்கும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், நம்பிக்கொள்கிறேன்.

அதிசயமாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய், விடுவேனா? எண்ணெய் இலைமேல் மெல்லிசாகப் படர்ந்து உட்காரும். வெயில் ஏறினால் இலை மூச்சு விட முடியாமல் வெந்துபோகும். முதலில் விளிம்பு சுருளும், அப்புறம் பழுப்பாகும். தொட்டால் காய்ந்த காகிதம் மாதிரி நொறுங்கும். பூச்சி கடித்தால் இலை உள்ளே குவியும், பிசுபிசுக்கும், ஆனால் நொறுங்காது. அளவையும் கூட்டி அடித்தால் கேட்கவே வேண்டாம், பூவோடு சேர்ந்து கொட்டிவிடும். போன வருஷம் எங்கள் ஆலைக்கு ஒருத்தர் கருகின ரோஜாக் கிளையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கே வந்தார். பார்த்ததுமே கேட்டேன், மத்தியானத்தில் அடித்தீர்களா என்று. மனுஷன் கிளையை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

தப்பித் தவறி அப்படி யாராவது அடித்துவிட்டால் உடனே, அந்த நிமிஷமே, நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிட வேண்டும். இலை சுருளத் தொடங்கிய பிறகுகூடப் பாதியைக் காப்பாற்றலாம்.

யார் அடித்தது? பக்கத்துத் தோட்டக்காரரா? பெரிய மேதாவி அவர். நீ சொன்னால் கேட்க மாட்டார், எனக்கு ஃபோன் போடச் சொல்.

முதலாளி விஷயம் படித்தேன். பார்க்கலாம்.

உன் அக்கா

ஏப்ரல் 27

தம்பி,

உடம்பு சரியாக இருக்கிறதா? இத்தனை நாளாக ஒரு வரி இல்லை. கிணற்றில் போட்ட கல்லாக இருக்கிறாய். ஃபோன் போட்டால் அப்பா எடுக்கிறார், "தோட்டத்துல இருக்கான்" என்கிறார், வைத்துவிடுகிறார். நீளமாகத் திட்டாமல் அவர் ஃபோனை வைத்தது இதுதான் முதல் தடவை, எனக்கு அதுவே பயமாக இருக்கிறது.

டிரைவர் அண்ணன் வேறு என்னவோ சொல்கிறார். வெயிலோடு நம் பக்கம் வந்தாராம். நீ இரண்டு கையிலும் குடத்தோடு கிணற்றுக்கும் கொடிக்கும் ஓடிக்கொண்டிருந்தாயாம். கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லையாம். கிணற்றில் பம்ப் செட் இருக்கும்போது குடம் எதற்கு?

ஒரு வார்த்தை எழுது.

அக்கா

மே 5

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். படுத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து சாய்ந்து போகிறது, பொறுத்துக்கொள்.

உன் தம்பி உனக்கு எழுதுவதில்லை என்றாய். அவன் எழுதாவிட்டால் நான் எழுதக் கூடாதா என்ன?

தோட்டத்தில் ஒரு சோதனை வந்து போய்விட்டது. கிணற்றுப் பக்கத்தில் நாலு வரிசை கருகிவிட்டது. விளிம்பு சுருண்டு, பழுப்பாகி, தொட்டால் நொறுங்குகிறது என்று கூலிக்கு வந்த பெண் இலையை எடுத்து வந்து காட்டினாள். அன்றைக்குப் பார்த்து மின்சாரம் இல்லை, கிணற்று பம்ப் செட் ஓடவில்லை. பையன் ஒற்றை ஆளாகத் தண்ணீர் சுமந்து அத்தனை கொடியையும் கழுவினான். பொழுது சாயும் வரை ஓடினான். விழுந்தான், எழுந்தான், மறுபடி ஓடினான். அழுதுகொண்டே ஓடினான் என்று நினைக்கிறேன். இங்கிருந்து முகம் சரியாகத் தெரியவில்லை. மற்ற வரிசையெல்லாம் பிழைத்துவிட்டது. காய் பறிக்கத் தொடங்கியாகிவிட்டது.

குத்தகைக்குக் கேட்டவர் வந்தார். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்படி உழைக்கிற பையனை வைத்துக்கொண்டு எதற்குக் குத்தகை?

என்ன ஆயிற்று என்று அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய் வாடையில் அதிகம் நிற்காதே.

இப்படிக்கு
அப்பா

மே 11

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனசில் நான் இல்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும்.

அப்பா எழுதியிருக்கிறார். விளிம்பு சுருண்டு, பழுப்பாகி, நொறுங்கியது என்று. உனக்கு நான் எழுதின அதே வார்த்தைகள். அசுவினி அப்படிச் செய்யாதுடா. யார் அடித்தது என்று உன்னிடமே கேட்டேனே, என் புத்தியை எதால் அடிப்பது?

நீ பூச்சி ஜெயிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறாய். கேனைப் பிரிக்காமல் வைத்திருந்தாய், அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். வாஷரைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதினாய், அதையாவது திருப்பிப் படித்திருக்க வேண்டும். நான்தான் கேன் கேனாக அனுப்பி உன்னை அந்தப் பந்தலோடு சேர்த்துக் கட்டினேன்.

புரியாமல் கட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள். நிலம் போனால் அப்பா இங்கே வருவார். உன் முதல் கடிதத்தில் அந்த ஒரு வரியைத்தான் நான் படித்தேன். மற்றது எதுவும் கண்ணில் படவில்லை. கல்யாணம் ஆகி அந்த வீட்டை விட்டு வந்த அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் கெட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் என் தும்மலுக்கு இனிமேல் யாரிடமும் காரணம் சொல்ல முடியாது தம்பி. அந்தப் பயத்தில் உன்னைப் பலி கொடுத்துவிட்டு, தூக்கம் வருகிறது என்று உனக்கே எழுதியிருக்கிறேன்.

உன் மச்சானிடம் நேற்று எல்லாம் சொன்னேன். "உங்கப்பாவைப் படியில தூக்கிட்டு இறங்கணும், அவ்வளவுதானே? மூட்டை தூக்குறவன்தானே நான்" என்றார். பிறகு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் கஷ்டம்தான். கீழ்த்தளத்தில் ஓர் அறை காலியாகும் என்கிறார்கள், சொல்லி வைத்திருக்கிறோம். ஆகாவிட்டால் படிதான். அப்பா வரட்டும்.

நான் அப்பாவுக்கு எழுதவில்லை. மத்தியான விஷயத்தைச் சொல்லவே மாட்டேன். ஆனால் போகிறேன் என்பதை நீதான் சொல்ல வேண்டும். உனக்காக நான் பேசினால் அதுவும் இன்னொரு கட்டாகிவிடும். நாலு வரிசையைக் கருக்குகிற அளவுக்குத் துணிச்சல் இருந்தது, இரண்டு வார்த்தை பேச இல்லையா? திட்டுகிறேன் என்று நினைக்காதே. கெஞ்சுகிறேன். இந்தத் தடவை மென்று முழுங்காதே.

அக்கா

ஜூன் 8

அக்காவுக்கு,

நானும் அப்பாவும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? மச்சானுக்கு என் வணக்கம்.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. தினமும் காலையில் சொல்லிவிடலாம் என்று போவேன். "என்னடா?" என்பார். ஒன்றுமில்லை என்று தலையணையைச் சரி செய்துவிட்டு வருவேன். துறைமுகக் கடையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது என்று தகவல் வந்தது. அன்றைக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இனிமேல் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்தேனே என்று அப்புறம் எனக்கே என்மேல் அருவருப்பாகிவிட்டது.

நேற்று அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் நின்றிருந்தேன், அவர் முகம் எனக்குத் தெரியாது. அப்போது சொன்னேன். "அப்பா, எனக்குத் தோட்டம் வேண்டாம்பா. நான் போறேன்."

நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். வாளி காலியாகிவிட்டது.

"சரி" என்றார்.

அவ்வளவுதான் அக்கா. கத்துவார், சொம்பைத் தூக்கி எறிவார் என்று இத்தனை மாதமாக நடுங்கிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு சரி. துண்டால் துவட்டிவிட்டு, கட்டிலுக்குத் தூக்கி வந்து படுக்க வைத்தேன். குத்தகைக்காரருக்குச் சொல்லியனுப்பச் சொன்னார். உன் அறை படியைப் பற்றிக் கேட்டார், எத்தனை படி என்று. கடையில் இடம் இல்லாவிட்டால் என்ன, போய் வாசலில் நில், நிற்கிறவனுக்கு எங்கேயாவது வேலை கிடைக்கும் என்றார். கிளம்பும் நாளும் பார்த்துவிட்டோம். வருகிற வெள்ளிக்கிழமை டிரைவர் அண்ணன் லாரியில் அப்பாவை உன்னிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு, நான் அப்படியே துறைமுகத்துக்குப் போகிறேன்.

எல்லாம் பேசி முடித்து எழுந்து வந்தேன். வாசல் வரை வந்த பிறகு கூப்பிட்டார்.

"குத்தகைக்கு வர்றவனுக்கு எண்ணெய் அளவைச் சொல்லிட்டுப் போ."

"சரிப்பா."

"மத்தியானத்துல அடிக்கக் கூடாதுன்னும் சொல்லு."

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடிதான் படுத்திருந்தார். "அன்னிக்கு மத்தியானம் நீ எண்ணெய்க் கேனைத் தூக்கிட்டுப் போனப்பவே பார்த்தேன்டா. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டா நீ வாயைத் திறந்து போறேன்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு. அதான் கண்ணை மூடிக்கிட்டேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிட்டே போய் உட்கார்ந்தேன். அவரும் அழுதார். குத்தகைக்காரர் வந்து கதவைத் தட்டும் வரைக்கும் நான் எழுந்திருக்கவே இல்லை.

தம்பி